கூழாங்கல்லில் பிடித்த வேர்

போர்க்காலத்தில், வெள்ளவத்தை வாடகை வீடொன்றில், கண்ணாடித் தொட்டிக்குள் உயிருள்ள செடி வளர்த்தவள் நான். இதை இன்றைக்கும் கொஞ்சம் மார்தட்டித்தான் சொல்வேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எனக்கும் அம்மாவுக்கும் கொழும்பில் அது நாலாவது வீடு. தமிழருக்கு வீடு கொடுத்தால் ஆமிச் சோதனை வரும் என்று பயந்து, முந்தைய வீட்டுச் சொந்தக்காரர்கள் எங்களை வீட்டைவிட்டு எழுப்பிவிட்டிருந்தார்கள். புது வீட்டுக்கு வந்ததும், மீன்தொட்டியும் கூழாங்கல்லும் வாங்கக் காலி வீதியிலிருந்த கடைக்குப் போனேன். செடியும் கேட்டேன். முஸ்லிம் கடைக்காரர் சிரித்தார்.

“ஒங்கட ஆக்களுக்கு பிளாஸ்டிக் செடிதான் சரி, மிஸ். ஊடு மாறக்கொள சுருட்டி எடுத்திட்டுப் போகேலும்.”

பகிடிக்குத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. உயிர்ச்செடிதான் வேண்டும் என்று அடம்பிடித்து, கபில நிற இலைச் செடிகள் கொஞ்சம் வாங்கி வந்தேன். இந்த வீட்டில் இதை வேர்பிடிக்க வைத்துக் காட்டாமல் விடுவதில்லை என்று ஒரு வீம்பு.

ஒரு கிழமைக்குள் இலைகள் கூழாகக் கரைந்துபோயின. இடம் மாற்றினால் இந்தச் செடி அப்படித்தான் செய்யும், கை வைக்காமல் விட்டால் தளிர்க்கும் என்றார் கடைக்காரர். விட்டேன். தளிர்க்கவில்லை. கல் மட்டும் பளபளவென்று இருந்தது. என் தொட்டி எவ்வளவு சுத்தம் என்று அதற்கும் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, காய்ச்சல் என்று வேலையால் முன்னதாகவே வந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. மீன்கள் வாளிக்குள் இருந்தன. அம்மா அரிக்கன்சட்டியோடு குந்தியிருந்தார். ஊரில் அரிசியிலிருந்து கல் அரித்த அதே சட்டியில், இப்போது கல்லையே அரித்துக்கொண்டிருந்தார்.

“வெள்ளிக்கிழமை வீடு முழுக்கக் கழுவிப்போட்டு, சாமிப் படத்துக்கு முன்னால இந்த ஊத்தையை விடுறதே?”

ஒவ்வொரு வெள்ளியும் இதுதான் நடந்திருக்கிறது. கழுவிய பிறகு செடிகளை வடிவாக வரிசையில் ஊன்றியும் விடுவாராம்!

“அந்த ஊத்தைதானம்மா அதுக்குப் பசளை! எங்களை வீட்டுக்கு வீடு எழுப்பின மாதிரி, நீங்களும் அதைக் கிழமைக்குக் கிழமை எழுப்பினா எப்பிடி வேர் பிடிக்கும்?” என்று கத்திவிட்டேன்.

அம்மா வாளியிலிருந்த மீன்களைத் திரும்பத் தொட்டிக்குள் விட்டார். அடுத்த வெள்ளியிலிருந்து கண்ணாடியை வெளியால் துடைப்பதோடு நிறுத்திக்கொண்டார்.

அதன் பிறகு பார்க்க வேண்டுமே! தளிர் வந்தது, பக்கக் கன்றுகள் வந்தன. தொட்டியின் அடியில், கற்களுக்கு இடையே வெள்ளை வேர்கள் நெளிந்து ஓடுவது கண்ணாடியூடாகத் தெரிந்தது. வந்தவர் போனவரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஒரு ஞாயிறு காலை ஆமிக்காரர்கள் சோதனைக்கு வந்தார்கள். அலுமாரி, மெத்தை, அரிசி வாளி எல்லாவற்றையும் கிளறினார்கள். கடைசியில் ஒருவன் தொட்டியருகே வந்தான். கல்லுக்கடியில் ஏதும் ஒளித்திருக்கிறோமா என்று தோண்டிப் பார்க்கச் சட்டைக் கையை மடித்தான். புதுக்கடை நீதிமன்றப் பக்கம் ஒரு சட்டத்தரணியிடம் வேலை செய்து, நாள் முழுக்கச் சிங்களம் கதைக்கிற எனக்கு வாய் எழும்பவில்லை.

“அத தாண்ட எபா, மஹத்தயா!”

கை போட வேண்டாம் என்று சிங்களத்தில் தடுத்தது அம்மா. மரக்கறிக் கடையில் விலை கேட்க மட்டும் சிங்களம் தெரிந்த அம்மா. சோதனை என்றாலே சாமிப் படத்தடியில் ஒடுங்கிவிடுகிற அம்மா. தொட்டிக்கு முன்னால் வந்து நின்று, கண்ணாடியின் அடியில் தெரிந்த வேர்களை விரலால் காட்டினார். அவன் குனிந்து நாலு பக்கமும் பார்த்தான். பிறகு சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு போய்விட்டான்.

கதவைப் பூட்டியதும் அம்மா பொத்தென்று கதிரையில் இருந்தார்.

“பிள்ளை, ஒரு தேத்தண்ணி போடு.”

சீனி கூடுதலாகப் போட்டுக் கொடுத்தேன். அன்று அம்மாவை நினைத்து எனக்கு வந்த பெருமை சொல்லி மாளாது. அடுத்த நாள் வேலையால் வரும்போது, வேண்டுமென்றே அந்த மீன்தொட்டிக் கடைக்குள் ஏறினேன்.

“வேர் பிடிச்சிட்டுது,” என்றேன். “இனி ஒருத்தராலும் கிளப்ப ஏலாது. அம்மா நிக்கிறா.”