நான் நீக்கிய ஒரு வரி

எங்கள் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் எனக்கு மூன்று வருடம் பின்னால் சேர்ந்தவள் அவள். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். அவளிடம் எனக்கு ஆகாதவற்றை ஒருநாள் டைரியில் வரிசையாக எழுதிப் பார்த்தேன்: கையெழுத்து, பதறாத குணம், நிறையப் படித்தும் காட்டிக்கொள்ளாதது, இதய மருத்துவர் போன் செய்தால் முதலில் அவளைக் கேட்பது. நான்காவதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

அந்த வாரம் முசிறியிலிருந்து வந்த ஒரு அம்மா வார்டில் இருந்தார். இதயத்தில் செயற்கை வால்வு வைத்தவர். அதில் கிருமி குடியேறியிருந்தது. இன்னொரு ஆபரேஷனை உடம்பு தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். மருந்தால் பிழைத்தால்தான் உண்டு. இரத்தத்தில் வளர்ந்தது என்டரோகாக்கஸ் என்ற கிருமி. ஆம்பிசிலினோடு ஜென்டாமைசின் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். இந்தக் கிருமி ஜென்டாமைசினுக்குத் துளியும் மசியவில்லை.

ஆம்பிசிலினோடு செஃப்ட்ரியாக்சோன் சேர்க்கலாம் என்று மருத்துவரிடம் அவள்தான் சொன்னாள். தனியாகக் கொடுத்தால் செஃப்ட்ரியாக்சோன் இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. இரண்டும் சேர்ந்தால், கிருமி தன் சுவரைக் கட்டிக்கொள்ள வழியில்லாமல் போகும். எனக்கும் தெரிந்த விஷயம். நான் மாடியேறி வார்டுக்குப் போவதற்குள் அவள் சொல்லி முடித்திருந்தாள். இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கியது.

வெள்ளிக்கிழமை முழு ரிப்போர்ட் தயாரானது. என்டரோகாக்கஸ் என்று பதிந்தாலே எங்கள் மென்பொருள் செஃப்ட்ரியாக்சோனுக்கு எதிரே தானாக ‘ஆர்’ என்று போட்டுவிடும். அந்த மருந்து பலிக்காது என்று பொருள். அது தெரிந்து, அவள் கீழே ஒரு குறிப்பு சேர்த்திருந்தாள்: ஆம்பிசிலினுடன் சேர்த்துத் தரப்படுகிறது, ‘ஆர்’ என்பதைப் பார்த்து நிறுத்த வேண்டாம்.

கையெழுத்துப் போட வேண்டியவள் நான். சிகிச்சைக்கு யோசனை எழுதுவது ஆய்வகத்தின் வேலை இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அந்த வரியை நீக்கினேன். அப்படி ஒரு வழக்கம் எங்களிடம் இருந்தது உண்மை. நான் நீக்கியதற்குக் காரணம் அது இல்லை.

சனிக்கிழமை பணிக்கு வந்த இளம் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து செஃப்ட்ரியாக்சோனை நிறுத்தினார். அவர்மேல் தப்பில்லை. திங்கட்கிழமை காலை, காய்ச்சல் திரும்பிவிட்டது என்று அந்த அம்மாவின் இரத்தம் மறுபடி பரிசோதனைக்கு வந்தது. அவள் ரிப்போர்ட்டைத் திறந்து நெடுநேரம் பார்த்தாள்.

“அக்கா, கீழே ஒரு நோட் போட்டிருந்தேனே. நான் சரியா சேவ் பண்ணலை போல.”

ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும். வாய் வரை வந்தது.

“சேவ் ஆயிருந்துச்சு. நான்தான் எடுத்துட்டேன்.”

ஏன் என்று அவள் கேட்கவில்லை. “முதல்ல சாருக்குப் போன் பண்ணுங்க,” என்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மருத்துவரிடம் நடந்ததைச் சொன்னேன். அந்தக் குறிப்பை எழுதியது யார் என்று கேட்டார். தப்பை ஒத்துக்கொண்ட வாயில் அவள் பெயர் எளிதில் வரவில்லை. சொன்னேன்.

“அவங்ககிட்ட குடுங்க.”

போனை நீட்டிவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன்.

அன்று மதியமே இரண்டு மருந்தும் மறுபடி சேர்ந்தே ஏறின. அடுத்து எடுத்த இரத்தத்தில் ஐந்து நாள் வைத்துப் பார்த்தும் எதுவும் வளரவில்லை. ஆறு வாரம் கழித்து, வீட்டுக்குக் கிளம்பிய அந்த அம்மாவும் கணவரும் ஆய்வக வாசலில் வந்து நின்றார்கள்.

“ரெண்டாவது மருந்தை நிறுத்தக்கூடாதுன்னு சொன்ன மேடம் யாருங்க?” என்று அவர் கேட்டார்.

அவள் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தாள். நான் கை காட்டினேன். இருவரும் அவளைக் கும்பிட்டார்கள். அந்த அம்மா மூச்சு வாங்காமல் படி இறங்கிப் போவதைக் கடைசிப் படி வரை பார்த்தேன். நிம்மதியாகத்தான் இருந்தது. வயிறும் எரிந்தது.