அம்மாவின் அறைக்கு அடுத்த அறை

அம்மா இறந்த பிறகு துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் என்னிடம் கிட்டத்தட்ட ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். "நீங்க கொடுத்து வெச்சவர் சார். கடைசி வரைக்கும் கூடவே இருந்தீங்க. இந்தக் காலத்துல யாருக்குக் கிடைக்கும்?" எதிர் வீட்டுக்காரர் சொன்னார். மயிலாப்பூரிலிருந்து வந்த என் தங்கையின் மாமியார் சொன்னார். வீடியோ காலில் என் மேலாளரும் சொன்னார். எல்லோருக்கும் தலையை ஆட்டி வைத்தேன். அம்மாவிடமிருந்து பத்தடி தூரத்தில்தான் ஐந்து வருடமாக இருந்தேன், அது பொய்யில்லை. அவள் உயிர் போனபோதும் அந்தப் பத்தடியில்தான் இருந்தேன். ஆனால் அந்தக் கடைசி நாலு நிமிடத்தில் அவள் அறையில் என்ன நடந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆளிடம் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

என் வேலை இன்ஷூரன்ஸ் சம்பந்தப்பட்டது. லண்டனில் யாரோ ஒருவர் காரை எதிலாவது இடித்துவிட்டு நஷ்ட ஈடு கேட்டால், அந்த விண்ணப்பம் ஒழுங்காக இருக்கிறதா என்று இங்கே கோட்டூர்புரத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எனக்குக் கீழே எட்டுப் பேர். காலை பதினொன்றரைக்கு ஆரம்பித்தால் இரவு எட்டுக்கு முடியும். முன்பெல்லாம் இதற்காக சிறுசேரி வரை கம்பெனி வண்டியில் போய் வந்துகொண்டிருந்தேன். ஊரடங்கு வந்ததும் இரண்டு வாரத்துக்கு வீட்டிலிருந்து பாருங்கள் என்றார்கள். அந்த இரண்டு வாரம் முடியவே இல்லை.

முதலில் எனக்கு ரொம்பப் பிடித்துத்தான் இருந்தது. அதை ஒளிக்க வேண்டியதில்லை. மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே லுங்கி. சோறு சூடாகக் கிடைத்தது. பழைய மகாபலிபுரம் சாலையில் வண்டிக்குள் உட்கார்ந்து தேய்ந்த நேரமெல்லாம் என் கைக்குத் திரும்பி வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அது என் கைக்கு வரவில்லை, கம்பெனிக்குத்தான் போயிருக்கிறது என்று புரிய ஒரு வருடம் ஆனது. "வீட்லதானே இருக்கீங்க, ஒரு அஞ்சு நிமிஷம் ஒரு வீடியோ கால்ல வந்துட்டுப் போங்க" என்பார் மேலாளர்.

இந்தப் பக்கம் குடியிருப்பில் இருந்தவர்களும் விடவில்லை. "வீட்லதானே இருக்கீங்க சார்" என்று மூன்று மாடிக்காரர்களும் கூரியரை என் வீட்டில் கொடுக்கச் சொன்னார்கள். தண்ணீர் லாரி வந்தால் நான்தான் கீழே இறங்கித் தொட்டி மூடியைத் திறந்துவிட வேண்டும். குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் யார் என்று பேச்சு வந்தபோது நான் கூட்டத்துக்கே போகவில்லை. என்னைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். என் மனைவி பள்ளி ஆசிரியை. காலை ஏழேகாலுக்குக் கிளம்பிப் போய் நாலரைக்கு வருவாள். அவளை யாரும் தொட்டி மூடியைத் திறக்கச் சொல்வதில்லை, அவள் வேலைக்குப் போகிறவள்.

அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது அதற்குப் பிறகு. அறுவை சிகிச்சை முடிந்து வாக்கர் வைத்து நடக்க ஆரம்பித்தாள். அந்தச் சமயத்தில்தான் கம்பெனி எல்லோரையும் அலுவலகத்துக்குத் திரும்பக் கூப்பிட்டது. அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்தேன். மருத்துவரின் கடிதத்தையும் இணைத்தேன். தொடர்ந்து வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று அனுமதி வந்தது. காரணம் என்ற கட்டத்தில் தாயாரைப் பராமரித்தல் என்று போட்டிருந்தார்கள். என் குழுவில் இருந்த மற்ற எட்டுப் பேருக்கும் என்மேல் கொஞ்சம் பொறாமை. ஒருத்தன் வெளிப்படையாகவே, "அம்மா பேரைச் சொல்லித் தப்பிச்சுட்டீங்க" என்றான்.

இரண்டு படுக்கையறை வீடு. ஒன்றில் அம்மா, இன்னொன்றில் என் மேஜை. நடுவில் ஒரு சுவர். ஹெட்போன் மாட்டிக்கொண்டால் எனக்கு எதுவும் கேட்காது என்பதால் அம்மா ஒரு ஏற்பாடு செய்தாள். தன் செல்போனிலிருந்து எனக்கு மிஸ்டு கால் கொடுப்பாள். ஒரு மிஸ்டு கால் என்றால் வேலை முடிந்ததும் வா, இரண்டு என்றால் உடனே வா. அப்பா இருந்த காலத்தில் பஸ் ஏறியதும் ஒரு மிஸ்டு கால், இறங்கியதும் ஒரு மிஸ்டு கால் என்று பழகியவள். பத்தடி தூரத்துக்கும் அதையே வைத்துக்கொண்டாள். கொஞ்ச நாள் அது சிரிப்பாகவும் இருந்தது. தங்கை ஞாயிற்றுக்கிழமை வரும்போது இதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வாள்.

ஒரு நாள் மதியம் லண்டன்காரர்கள் இரண்டு பேரோடு பெரிய கூட்டம். போன் அதிர்ந்தால் மேஜை அதிரும், மேஜை அதிர்ந்தால் மைக்கில் கேட்கும் என்று அதைச் சைலண்ட்டில் போட்டுக் கவிழ்த்து வைத்தேன். கூட்டம் நன்றாக நடந்தது. முடித்துவிட்டு எடுத்துப் பார்த்தால் இரண்டு மிஸ்டு கால், முப்பத்தைந்து நிமிடத்துக்கு முன்பு.

அம்மா குளியலறை வாசலில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புடவை நனைந்திருந்தது. தரையையும் ஒரு பழைய துண்டைப் போட்டுக் காலாலேயே துடைத்திருக்கிறாள். இடுப்பு முறிந்தவள் அப்படிச் செய்யவே கூடாது. "ஏம்மா, ஒரு குரல் கொடுக்கக் கூடாதா?" என்று சத்தம் போட்டேன். தப்பு என்னுடையது என்பதால் சத்தமும் கொஞ்சம் அதிகமாகத்தான் வந்தது. அம்மா என் முகத்தைப் பார்க்காமல், "நீ போய் வேலையைப் பாரு. நான் மாத்திக்கிறேன்" என்றாள். மகன் முன்னால் புடவை மாற்ற முடியாமல் நின்றாள். நான் வெளியே வந்து நின்றேன். மடிக்கணினியில் யாரோ என்னைக் கூப்பிடும் சத்தம் வந்தது, போய்விட்டேன்.

அதற்குப் பிறகு அம்மா எனக்கு ஒரு மிஸ்டு கால்கூடக் கொடுக்கவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை. அதற்குப் பதிலாகப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தேன். நல்ல மகன் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டதாக ஒரு நிம்மதிகூட வந்தது.

வந்தவரை நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிட்டோம். அக்காவின் வீடு முன்பு இங்கேதான், ஆற்றங்கரையில் இருந்தது. எங்கள் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தால் அந்த இடம் தெரியும், இப்போது கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். அங்கிருந்தவர்களையெல்லாம் பெரும்பாக்கத்துக்கு மாற்றிவிட்டதால் அக்கா தினமும் இரண்டு பஸ் மாறித் தன் பழைய பேட்டைக்கே வேலைக்கு வந்தார். "இன்னா சார் பண்றது, வூட்ட தூக்கிட்டாங்க, வேலைய தூக்க முடியலயே" என்பார். ஒன்பது மணிக்கு வந்தால் ஆறு மணிவரை இருப்பார்.

அம்மாவும் அக்காவும் பேசிக்கொண்டே இருப்பார்கள். சுவர் வழியாகச் சத்தம் வரும், வார்த்தை புரியாது. சில சமயம் இரண்டு பேரும் சிரிப்பார்கள். அம்மாவுக்குச் சிரிக்க அவ்வளவு விஷயம் இருந்ததா என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். வேலை முடிந்து எட்டு மணிக்கு நான் அம்மா அறைக்குப் போவேன். "சாப்டியாம்மா?" "சாப்டேன்." "மாத்திரை?" "போட்டேன்." எனக்கும் நாள் முழுக்கப் பேசிப் பேசித் தொண்டை வற்றியிருக்கும். பேசாமல் டிவியைப் பார்ப்போம்.

அக்காவுக்கு நானும் ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்திருந்தேன். கதவருகே வந்து நிற்கும்போது நான் ஹெட்போனில் பேசிக்கொண்டிருந்தால், திரும்பாமல் கையை மட்டும் உயர்த்திக் காட்டுவேன். ஒரு நிமிடம் பொறு என்று அர்த்தம். அக்கா புரிந்துகொண்டு போய்விடுவார். காபி வேண்டுமா என்று கேட்க வந்தாலும் அதேதான், கேஸ் சிலிண்டர் வந்தாலும் அதேதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மூன்று மணி இருக்கும். ஒரு பெண் தன் விண்ணப்பம் ஏன் நிராகரிக்கப்பட்டது என்று கேட்டுப் புகார் கொடுத்திருந்தாள். அதை லண்டன்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். கதவருகே நிழல் தெரிந்தது. கையை உயர்த்தினேன். நிழல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. வழக்கமாக அவ்வளவு நேரம் நிற்காது. நான் விரல்களை இன்னும் நன்றாக விரித்துக் காட்டினேன். நிழல் போய்விட்டது.

பேச்சை முடித்துவிட்டு எழுந்து போனேன். திரையில் நேரம் பதிவாகியிருந்ததால் பிறகு கணக்குப் பார்த்தேன், நாலு நிமிடம். அக்கா கட்டிலில் உட்கார்ந்து அம்மாவின் தலையைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்திருந்தார். "சார், அம்மாக்கு மூச்சு ஒரு மாதிரி இருந்துச்சி, அதான் வந்தேன்" என்றார். இருந்துச்சி என்றுதான் சொன்னார். கீழ்வீட்டில் ஒரு டாக்டர் இருக்கிறார், ஓடிப்போய்க் கூட்டி வந்தேன். அவர் பார்த்துவிட்டு, இதயம்தான், நீங்கள் உடனே வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். நான் அவரிடம் எதுவும் கேட்கவில்லையே, ஏன் இதைச் சொல்கிறார் என்று தோன்றியது. அறைக்குத் திரும்பிப்போய் மடிக்கணினியில், குடும்பத்தில் ஓர் அவசரம் என்று தட்டிவிட்டு மூடினேன். இரண்டு பேர் உடனே கட்டைவிரலை உயர்த்தும் படத்தைப் பதிலாகப் போட்டார்கள்.

அழுகை வரவில்லை. காரியத்தன்று தங்கைதான் அழுதாள். அழுகைக்கு நடுவே அம்மா தன்னிடம் சொன்னதையெல்லாம் சொன்னாள். அம்மாவுக்குத் திருவான்மியூர்க் கோயிலுக்கு ஒரு தடவை போக வேண்டும் என்று இருந்ததாம். கல்யாணமான புதிதில் அப்பாவோடு போய்விட்டுக் கடற்கரையில் செருப்பைத் தொலைத்துவிட்டு வந்தாளாம். எனக்கு இதெல்லாம் புதிது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் வந்து போனவளிடம் இவ்வளவு இருந்தது. "உனக்குத் தெரியாததா, நீதான் கூடவே இருந்தியே" என்றாள். நான் ஆமாம் என்றேன்.

பதினாறாம் நாள் கழிந்ததும் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆழ்ந்த இரங்கல் ஒரு பத்தி. அடுத்த பத்தியில், எந்தக் காரணத்துக்காக வீட்டிலிருந்து பணிபுரிய அனுமதி தரப்பட்டதோ அந்தக் காரணம் இன்னும் தொடர்கிறதா என்று கேட்டிருந்தார்கள். கோபம் வரும் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தேன், வரவில்லை. இல்லை, அடுத்த மாதத்திலிருந்து வருகிறேன் என்று பதில் எழுதினேன்.

போன சனிக்கிழமை அக்கா வந்தார். கொட்டிவாக்கத்தில் இன்னொரு வீட்டில் வேலை கிடைத்திருக்கிறது, அங்கே இருக்கும் பெரியவருக்கு வாக்கர் வேண்டும், அம்மாவுடையது சும்மாதானே இருக்கிறது என்று கேட்டிருந்தார். என் மனைவி டீ போட உள்ளே போனாள். அம்மா அறையிலிருந்து வாக்கரை எடுத்து வந்து துடைத்துக்கொண்டிருந்தவரிடம் நான் எப்படியோ வாயைத் திறந்துவிட்டேன்.

"அக்கா, அன்னிக்கு நான் கையைக் காட்டினேனே. நீங்க திரும்பிப் போனப்போ அம்மா இருந்தாங்களா?"

அக்கா துடைப்பதை நிறுத்தவில்லை. "இருந்துச்சி சார். நல்லா முழிச்சிக்கினுதான் இருந்துச்சி."

"என்னைக் கேட்டாங்களா?"

"கேக்கல சார். எனக்குதான் பயமாப் பூட்ச்சி. சார் பேசிக்கினு கீறாரு, இதோ வந்துடுவாரும்மான்னேன். அதுக்கு, அவன் ஆபீஸ்ல கீறான், எட்டு மணிக்குதான் வருவான், நீ ஏன் பதறுறன்னு சொல்லிச்சி. சொல்லிட்டு என் கைய புடிச்சிக்கிச்சி."

"ஆபீஸ்லயா?"

"எப்பவும் அப்டிதான் சார் சொல்லும். பக்கத்து வூட்டம்மா வந்தாலும் சரி, போன்ல யாரு கேட்டாலும் சரி, புள்ள ஆபீஸ் போயிருக்கான்னு சொல்லும். நீங்க உள்ள பேசறது அதுக்குக் கேட்டுக்கினேதான் இருக்கும்."

அக்கா டீயைக் குடித்துவிட்டு வாக்கரை மடக்கித் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். வயதானால் சில பேருக்கு நினைவு குழம்பும், இடம் மாறிப் பேசுவார்கள் என்றாள் மனைவி, என்னைத் தேற்றுவதற்காக. அம்மாவுக்கு அப்படி எதுவும் இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில்கூட, நான் பனியனைப் புரட்டிப் போட்டிருப்பதைப் பார்த்துச் சொன்னது அவள்தான்.