அஸ்கர் அலி வாங்கிய மொட்டை டயர்கள்

கவரைப்பேட்டையைத் தாண்டிக் கும்மிடிப்பூண்டிக்குப் போகும் நெடுஞ்சாலையில் அஸ்கர் அலியின் டயர் கடையைத் தெரியாத லாரி ஓட்டுநர் கிடையாது. சிப்காட்டுக்கு இரும்பு ஏற்றி வரும் வண்டிகள் அங்கே வரிசை கட்டி நிற்கும். பழைய டயர் ஒன்றைக் காட்டினால், பள்ளத்துக்குள் கட்டைவிரலை விட்டுப் பார்த்து, "இது நெல்லூர் வரிக்கும் தாங்கும், ஓங்கோல் வரிக்கும் தாங்காது" என்று சொல்லிவிடுவான். சொன்னது பெரும்பாலும் தப்பாது. பழவேற்காட்டில் கருவாட்டு வியாபாரம் செய்த குடும்பத்திலிருந்து டயர் தொழிலுக்கு வந்தவன் அவன் ஒருவன்தான். கார்ப் பந்தயத்துக்குப் போனவனும் அவன் ஒருவன்தான்.

அவனை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய அன்று, நண்பன் விமல் வழியெல்லாம் பேசியது கடையைப் பற்றி அல்ல. 2006-ஆம் ஆண்டின் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. அழுத கண்ணோடுதான் ஆரம்பித்தான். பேசப் பேச அவன் குரல் ஏறிக்கொண்டே போனது. அந்த நாளை மெதுவாகச் சொல்ல யாராலும் முடியாது.

அப்போது கடையின் பின்பாதியில் ஒரு பழைய எஸ்டீம் கார் நின்றிருந்தது. விமல் உருக்காலையில் மேற்பார்வையாளன்; ஷிப்ட் முடிந்ததும் வந்து எஞ்சினைப் பிரிப்பான், மாட்டுவான். ஓட்டுவது அஸ்கர் அலி. ஆனால் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துப் பந்தயத் தடத்தில் இரண்டு முறை தகுதிச் சுற்றோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். முதல் வண்டியின் நேரத்துக்கு ரொம்பவும் பின்தங்கினால் பந்தயத்தில் நிற்கவே விடமாட்டார்கள். சாலை டயர்களோடு போனதுதான் காரணம் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

அவன் மனைவி ஷஹனாஸுக்கு அந்தப் பின்பாதி வேண்டும். அங்கே வீல் அலைன்மென்ட் மெஷின் போட்டால் கார்காரர்களும் வருவார்கள் என்பது அவள் கணக்கு. கல்லாவில் உட்காருபவள் அவள்தான். "மூணாவது வாட்டியும் உள்ள உடலன்னா வண்டிய வித்துடணும், சரியா?" என்றாள். அஸ்கர் அலி சரி என்று வாக்குக் கொடுத்தான். வாக்கு நிறைவேறுகிறதா என்று பார்க்கத் தானும் கிளம்பி வந்துவிட்டாள்.

பந்தய டயருக்குப் பள்ளமே கிடையாது. முழுக்க வழவழவென்று இருக்கும். ரப்பர் சூடேறி, இளகி, தரையை அப்படியே கவ்விக்கொள்ளும். எவ்வளவு தேய்ந்தது என்று பார்க்க ஆங்காங்கே குண்டூசித் தலை அளவுக்குக் குழிகள் மட்டும் இருக்கும். புதிதாக வாங்குவது அஸ்கர் அலிக்குக் கட்டுப்படியாகாது. பெரிய அணிகள் கழற்றிப் போட்டதை மணவாளன் என்ற ஸ்டோர்க்காரர் பந்தயத் தடத்துக் கொட்டகை ஓரம் குவித்து வைத்து விற்பார்.

"மொட்ட டயரு வேணாம்னு நம்ம கடைல தினம் சண்டை போடுறாங்க. இங்க மொட்ட டயர காசு குடுத்து வாங்குறாங்களா?" என்றாள் ஷஹனாஸ்.

"பேசாம இரு, மானம் போவுது" என்றான் அஸ்கர் அலி. குவியலுக்குள் இறங்கி ஒவ்வொரு குழியாகக் கட்டைவிரலால் தடவினான். குழி ஆழமாக இருந்த, ரப்பர் தடித்த நான்கைப் பொறுக்கி எடுத்தான். பாதி விலைக்கு முக்கால் டயர். லாரி டயர்க்காரன் கண்ணுக்கு அதைவிட நல்ல பேரம் இருக்க முடியாது. மணவாளன் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டார்.

தகுதிச் சுற்றுக்கு இரண்டு வாய்ப்பு. காலையில் ஒன்று, மதியம் ஒன்று. காலையில் முதல் வளைவிலேயே வண்டி சோப்பு நுரையில் கால் வைத்ததுபோல் வழுக்கியது. சூடானால் சரியாகும் என்று அடுத்த சுற்றுப் போனான். அதிலும் வழுக்கியது. நீண்ட வளைவில் பின்பக்கம் சுழன்று புல்லுக்குள் போய் நின்றது. சாலை டயரில் எடுத்த நேரத்தைவிட மோசம்.

"இன்னா பாய், புல்லு மேயப் போனியா?" என்றான் விமல். சிரிக்கத்தான் பார்த்தான், முடியவில்லை.

ஷஹனாஸ் வண்டியை ஒருமுறை சுற்றி வந்து, விலைக்கு மதிப்புப் போடுபவள்போலப் பார்த்தாள். அதுதான் அஸ்கர் அலியைக் குத்தியது.

அவன் டயர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான். ரப்பரின் மேல் நீலம் பாரித்த பளபளப்பு. விரலால் தட்டினால் மரப்பலகை மாதிரிச் சத்தம். அப்போது முதலில் வந்த வண்டியை நாலு பேர் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அதன் டயர்கள் தரையிலிருந்த பொடிக்கல்லையெல்லாம் ஒட்டி எடுத்துக்கொண்டு சரசரவென்று போயின. குழிகளே தெரியாத அளவுக்குத் தேய்ந்த டயர்கள் அவை.

அஸ்கர் அலி எழுந்து ஓடிப்போய், யாரையும் கேட்காமல், அந்த டயரில் நகத்தை அழுத்தினான். பலாச்சுளைக்குள் இறங்குவதுபோல நகம் உள்ளே போயிற்று. திரும்பி வந்து தன் டயரில் அழுத்தினான். நகம்தான் மடங்கியது.

பக்கவாட்டில் உற்பத்தி வாரமும் வருடமும் அச்சடித்திருக்கும். லாரி டயரில் யார் அதைப் பார்க்கிறார்கள்? இப்போது குனிந்து பார்த்தான். மூன்று வருடத்துக்கு முந்தைய டயர்கள்.

"விமலு, நான் கறி பாக்குறேன்னு எலும்ப பாத்து வாங்கிக்கினேன்" என்றான். "இதுக்கு கனம் முக்கியம் இல்ல நைனா. பசை தான் முக்கியம். பழசாகி, சூடாகி ஆறி, சூடாகி ஆறி, செத்துப்போன டயரு இது. மெலிசா இருந்தாலும் இந்த வருசத்து டயரா, ஒரே ஒரு ரேஸ் ஓடினதா பாக்கணும்."

"அதெல்லாம் எங்க கெடைக்கும்?"

"அந்தாளு குப்பைல கீது."

மணவாளன் கொட்டகைக்குப் பின்னால், வீசி எறியப்போகும் டயர்கள் கிடந்தன. அஸ்கர் அலி இந்த முறை கட்டைவிரலை மடக்கிக்கொண்டான். அச்சைப் படித்தான், நகத்தை அழுத்தினான், மோந்துகூடப் பார்த்தான்.

"இத்த எடுத்துக்கினு போய் ஊஞ்சல் கட்டப் போறியா பாய்?" என்றார் மணவாளன்.

"கட்டிட்டு உன்னத்தான் மொதல்ல ஒக்கார வைப்பேன். வெல சொல்லு."

"டீக்கு குடு, போதும்."

நான்கும் ஓரிடத்தில் மட்டும் மோசமாகத் தேய்ந்திருந்தன, வெளிவிளிம்பில். அந்தத் தடத்தில் வலப்பக்க வளைவுகள் அதிகம், வெளிப்பக்கம்தான் பாரம் வாங்கும். அப்படியே மாட்டினால் பந்தயம் முடிவதற்குள் ரப்பர் தேய்ந்து உள்நூல் தெரியும். டயரை ரிம்மில் திருப்பிப் போட்டால் தேய்ந்த விளிம்பு உட்பக்கம் போகும்; தேயாத விளிம்பு வெளியே வரும். ஆனால் டயர் மாட்டும் மெஷின் முன்னால் ஏகப்பட்ட கூட்டம். வரிசையில் நின்றால் மதியச் சுற்று போய்விடும்.

"மெஷின் எதுக்கு? நம்ம கடைல எந்த மெஷின் கீது?" என்றாள் ஷஹனாஸ். அவளே வண்டியிலிருந்து இரண்டு கடப்பாறை லீவரையும் எடுத்து வந்து அவன் முன்னால் போட்டாள்.

லாரி டயரோடு மல்லுக்கட்டியவனுக்கு இது பொம்மை. முட்டியை ஊன்றி, லீவரை நெம்பி, நான்கையும் கழற்றித் திருப்பி மாட்டினான். பக்கத்து அணிக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். முன்சக்கரம் இழுக்கும் வண்டி என்பதால் மிருதுவான இரண்டையும் முன்னால் போட்டான். காற்றும் கொஞ்சம் குறைத்தே அடித்தான், சூட்டில் ஏறிக்கொள்ளும் என்று.

மதியம். முதல் சுற்றில் மெதுவாகப் போய், டயரை இடமும் வலமுமாக ஆட்டி ஆட்டிச் சூடேற்றினான். இரண்டாவது சுற்றில் ஸ்டீயரிங் கனத்தது. கனத்தது என்றால், தரை கையைப் பிடித்து இழுப்பதுபோல. முதல் வளைவில் பிரேக்கை வழக்கத்தைவிடத் தாமதித்து மிதித்தான். வண்டி வழுக்காமல் திரும்பியது. இன்னும் தாமதித்து மிதித்தான், அப்போதும் திரும்பியது. ஹெல்மெட்டுக்குள் சத்தம் போட்டுச் சிரித்தான். காலையில் புல்லுக்குள் தள்ளிய நீண்ட வளைவு வந்தது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. டயர்கள் ஒரே சுருதியில் முனகின, வண்டி போக வேண்டிய கோட்டிலிருந்து ஒரு சாண்கூட விலகவில்லை. வெளியே வந்தபோது எதிரில் தெரிந்தது முன்னால் போகும் வண்டியின் பின்பக்கம். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவன் இன்னொரு வண்டியைத் துரத்திக்கொண்டிருந்தான்.

நேரப் பட்டியலை ஒட்டியதும் விமல் கூட்டத்துக்குள் தலையை நுழைத்துப் பார்த்துவிட்டு ஓடி வந்தான். மூச்சு வாங்கியது.

"எத்தினியாவது தம்பி?" என்றாள் ஷஹனாஸ்.

"கடைசி எடம் அக்கா."

"கடைசின்னா, உள்ளயா வெளியயா?"

"உள்ள தான். பாய் நிக்கிறாரு. ரேஸ்ல நிக்கிறாரு."

அஸ்கர் அலி ஹெல்மெட்டைக் கழற்றாமலே அவளைப் பார்த்தபடி நின்றான். அவள் குனிந்து முன்சக்கரத்தில் நகத்தை அழுத்திப் பார்த்தாள். ஒட்டியிருந்த பொடிக்கல் ஒன்றைப் பிடுங்கி எறிந்தாள்.

"ரேஸ் முடிஞ்சா இதுல ஒண்ணும் மிஞ்சாது" என்றாள். "அந்தாளு டீ காசுக்கு குடுக்கிறப்பவே இன்னும் நாலு பொறுக்கி வண்டில போடுங்க. அடுத்த வாட்டிக்கு ஆவும்."