முப்பது அங்குல உயரம்

அறுபதுகளில் பென்னாகரத்துக்கு அப்பால் காட்டுக்குள் இறங்கும் சாலைக்குச் சரிவு குறிப்பது என் வேலை. இருபதுக்கு ஒன்று. அதாவது, இருபதடி நீளத்துக்கு ஓரடிதான் ஏற்றம். பாரம் ஏற்றிய லாரிகூடத் திணறாமல் ஏறிவிடும். அந்தச் சாலையில்தான் ஒருநாள் எங்கள் ஜீப் பள்ளத்தில் உருண்டது. அதன்பின் இடுப்புக்குக் கீழே எனக்கு உணர்ச்சி இல்லை.

ஐந்து மாதம் கழித்துச் சக்கர நாற்காலியோடு கடத்தூர் வீட்டுக்கு வந்தேன். வாசலில் ஐந்து படி. படிக்கு ஆறு அங்குலம், மொத்தம் முப்பது. நாலு பேர் என்னைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். நாலு பேர் மறுபடி சேர்ந்தால்தான் வெளியே போக முடியும். யாரை, எத்தனை தடவை கூப்பிடுவது? கூடத்தில் உட்கார்ந்து, கதவு அகலத்துக்குத் தெரிந்த தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மனைவியின் தம்பி கொத்து வேலை செய்பவன். "படிய இடிச்சுட்டு சரிவா பூசிரலாம் மாமா" என்றான்.

"வாசலுக்கும் தெருவுக்கும் ஒம்பதடிதான் இருக்குது. மூணரைக்கு ஒண்ணு வரும், மாப்ள. பன்னெண்டுக்கு ஒண்ணாவது வேணும்."

ஆஸ்பத்திரியில் அப்படியொரு சரிவில் நர்ஸம்மா என்னை ஒற்றைக் கையால் தள்ளிப்போனது நினைவிருந்தது. அந்தக் கணக்குப்படி எங்களுக்கு முப்பதடி நீளம் வேண்டும். தெருவைத் தாண்டி எதிர்வீட்டுச் சமையலறைக்குள் போய் முடியும்.

"அக்கா புடிச்சுக்கும், உடுங்க" என்றான். எனக்கும் வெளியே போகும் வெறி. சரி என்றுவிட்டேன். கட்டியானதும் அவள் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்க, இறங்கினேன். பாதியில் நாற்காலி அவள் கையை உதறிக்கொண்டு ஓடியது. தெருவில் குப்புற விழுந்தேன். கூட்டம் கூடிவிட்டது. அவள் உள்ளங்கை தோலுரிந்து நின்றாள். அன்றைக்குப் பிறகு முன்கதவைச் சாத்தச் சொல்லிவிட்டேன். ஒரு வருஷத்துக்கு மேல் அது பகலிலும் சாத்தியே கிடந்தது.

ஐப்பசியில் அடைமழை. சமையலறையிலிருந்து அவள் கத்தினாள். "பின்னாடி தண்ணி நிக்குதுங்க, வூட்டுக்குள்ள வந்துரும் போல!"

"அவ்ளோ மேலயா இருக்குது பின்பக்கத் தரை?"

மழை விட்டதும் அவள் தம்பியை வரவழைத்தோம். ரப்பர் குழாயில் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை அவனும் மறுமுனையை அவளும் பிடித்து மட்டம் பார்த்தார்கள். கொல்லைக்கதவுக்கும் தரைக்கும் பத்தே அங்குலம். பத்தடி நீளம் போதும். மதில் பதினாலடி தள்ளி இருந்தது. ஏழு வருஷம் அதே வீட்டில் இருந்தவன், ஊர் மேடெல்லாம் அளந்தவன், இதைக் கவனிக்கவில்லை.

இந்த முறை நான் சொன்ன அளவில் கட்டினான். யாரும் பிடிக்காமல் இறங்கினேன். நானே ஏறினேன். மறுபடி இறங்கினேன். அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

ஆனால் மதிலுக்கு வெளியே இருந்தது பாறைச் சந்து. அதில் சக்கரம் ஓடாது. எத்தனை அளந்தும் அதற்கு வழி கிடைக்கவில்லை. அந்தப் பதினாலடிக்குள்தான் வருஷங்கள் போயின. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வருகிறவள், முன்வாசலுக்குப் போகாமல் அந்தச் சந்து வழியாகச் சுற்றி வந்து, மதிலுக்கு அப்பால் நின்றபடி, யார் யாரைப் பார்த்தாள் என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருப்பாள்.