சட்டப்படி தெரியாதவர்

செய்தி சேகரிக்கப் போனபோது தொழிலாளர் நீதிமன்றத்தில் அவரைச் சந்தித்தேன். எண்ணூரில் ஓர் அரசு ஆலையின் பம்பு அறையில் பதினாறு ஆண்டுகளாக ஒப்பந்தத் தொழிலாளி. பம்புச் சத்தத்தில் இடது காது போய்விட்டதால், யார் பேசினாலும் வலது காதைத் திருப்பிக்கொண்டு நிற்பார்.

ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் பழைய கேட் பாஸைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதியது கிடைக்கும். அவரும் கொடுத்துக்கொண்டே வந்துவிட்டார். பணி நிரந்தரம் கேட்டு வழக்குப் போட்டபோது காட்டுவதற்குக் கடைசி பாஸ் மட்டுமே இருந்தது. அதன்படி அவருடைய வேலைக்காலம் ஏழு மாதம்.

அன்று சாட்சி சொன்ன ஆலை அதிகாரி, “இவர் ஒப்பந்தக்காரரின் ஆள். எனக்குத் தெரியாது” என்றார். வராந்தாவுக்கு வந்ததும் அவரே இவரிடம், “மூணாம் பம்பு மறுபடி சத்தம் போடுதுப்பா, வந்து பாரு” என்றார்.

“வாஷர் தேஞ்சு பூட்டிருக்கும் சார். வந்துர்றேன்.”

அதிகாரி நகர்ந்ததும், “அவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்றேன்.

“இன்னான்னு சார் கேக்குறது? சட்டப்படி அவருக்கு என்னத் தெரியாது. தெரியும்னா அவரு வேலை பூடும். பம்புக்குத்தான் என்னத் தெரியும். அது வந்து சாட்சி சொல்லுமா?”

வாசலில் அதிகாரியின் ஜீப் நின்றது. அவர் கையசைத்துக் கூப்பிட, இவர் பின்பக்கம் ஏறிக்கொண்டார். இருவரும் சேர்ந்தே ஆலைக்குப் போனார்கள்.

அடுத்த மாதம் வழக்கு தள்ளுபடியானது. நான் எழுதிய ஆறு வரிச் செய்தியில் அந்த ஜீப்பை எங்கே சேர்ப்பதென்று எனக்குத் தெரியவில்லை.