மேடம், வண்டியில துப்பாக்கி கீது

வங்கி வாசலில் சொந்தத் துப்பாக்கியோடு நிற்கும் காவலாளிக்குத் திருடனைவிடப் போலீஸிடம்தான் பேச்சுவார்த்தை அதிகம். பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று இந்த வேலைக்கு வந்த சகாக்களுக்குத் தெரியும்: துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போனால் வேலையும் கூடவே போகும். அவர்களில் நானும் ஒருவன்; என் துப்பாக்கியைத் தினமும் மொபெட்டில் கட்டிக்கொண்டு அம்மையார்குப்பத்திலிருந்து திருத்தணி வங்கிக்குப் போகிறவன்.

பத்திரமான இடம்

முதல் வாரமே ஆர்.கே.பேட்டையில் ஹெல்மெட் சோதனை. "தம்பி, வண்டியில துப்பாக்கி கீது. லைசென்ஸ் புக்கு காட்டறேன்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுக் குனிந்தேன். பத்திரமாக இருக்கட்டுமென்று புத்தகத்தைத் துப்பாக்கி உறைக்குள்ளேயே வைத்திருந்தேன். நான் ஜிப்பை இழுத்ததும் அந்த இளம் கான்ஸ்டபிள் ஜீப்புக்குப் பின்னால் ஓடிப்போய் நின்று கத்தினார்:

"பெருசு, மொதல்ல கையத் தூக்கு! புக்க நானே எடுத்துக்கறேன்!"

ஆடிக் கிருத்திகை

புத்தகம் சட்டைப்பைக்கு மாறியது. உறை கிழிந்துபோக, என் மனைவி கைக்குக் கிடைத்த மஞ்சள் துணியில் துப்பாக்கியைச் சுற்றிக் கொடுத்தாள். ஆடிக் கிருத்திகையன்று வங்கிக்கு லீவு, எனக்கு இல்லை. மலையடிவாரத்தில் ஏட்டு ஒருவர் மஞ்சள் மூட்டையைப் பார்த்ததும் தடுப்பை நகர்த்தி, கைகூப்பி "அரோகரா" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. "அண்ணே, இது காவடி இல்ல, ரெட்டைக்குழல் துப்பாக்கி" என்றேன். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தவர் சுற்றியிருந்த கூட்டத்தையும் பார்த்துவிட்டுக் காதருகே வந்தார்.

"யோவ், மெதுவா சொல்லுய்யா. ஜனம் ஓடிச்சின்னா யார் பதில் சொல்றது? முருகான்னு சொல்லிகினே போய்க்கினே இரு."

தேர்தல் நேரம்

தேர்தல் வந்தால் எல்லோரும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். எங்களுக்கு விலக்குக் கடிதம் உண்டு. அந்த முறை அது வரவில்லை. "வந்துடும், நீங்க டூட்டிக்கு வாங்க" என்றார் மேனேஜர்.

வழியில் பறக்கும் படை மறித்தது. பெண் எஸ்.ஐ. பையைத் திறக்கச் சொன்னார். சாப்பாட்டு டப்பாவைப் பார்த்தார், போகலாம் என்றார். பின்னால் இருந்த மூட்டையை அவர் பார்க்கவே இல்லை. வாயை மூடிக்கொண்டால் வேலை தப்பும். ஆனால் அடுத்த திருப்பத்தில் வேறொருவர் பிரித்துப் பார்த்தால் கேஸ். கையைத் தூக்கிக்கொண்டு, "மேடம், வண்டியில துப்பாக்கி கீது. கடிதம் இன்னும் வரல" என்றேன்.

துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொண்டு, தேர்தல் முடிந்ததும் திரும்பப் பெற ரசீது எழுதினார். முகத்தில் கோபம் இல்லை, சங்கடம்தான் இருந்தது.

"ஐயா, நீங்க சொல்லாம போயிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. சொல்லிட்டீங்க, இனிமே நான் எப்பிடிங்க விடறது?"

உண்மையைச் சொன்னதால் நான் ஜெயிலுக்கும் போகவில்லை, ஒன்றரை மாதம் வேலைக்கும் போகவில்லை.