காதில் பென்சில்

போனில் கதை படித்துப் படித்துக் கண் ஓய்ந்துவிட்டது. வேறு கருவி வாங்கலாமென்று மகன் நியூ டவுன் கடைக்குக் கூட்டிப்போனான். கடைக்காரருக்குப் பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்தது. காதில் ஒரு பென்சில்.

டேப்லெட்டிலும் கண் கூசியது. இ-ரீடர் இதமாக இருந்தது. ஆனால் எனக்கு வரிக்குக் கீழே விரல் ஓட்டினால்தான் படிக்க வரும். விரல் பட்டாலே பக்கம் புரண்டது. மகனிடம் சொல்ல வெட்கம். "வேண்டாம்ப்பா, போகலாம்" என்றேன்.

கடைக்காரர் காதிலிருந்த பென்சிலை எடுத்து நீட்டினார். "மாஷிமா, இதோட பின்பக்கத்தால ஓட்டுங்க. பக்கம் நகராது" என்றார் வங்காள மொழியில், என்னைப் பெரியம்மா முறையில் அழைத்து.

நகரவில்லை. ஒரு பக்கம் முழுக்கப் படித்தேன்.

எழுத ஒரு காகிதம்கூட இல்லாத கடையில் அவர் எதற்குப் பென்சில் வைத்திருந்தார் என்று, படிக்கும்போதெல்லாம் யோசிக்கிறேன்.